மதார் சாகிப்பின் முதல் டேக்

செங்கல்பட்டு செங்கல்வராயன் பேண்டு செட்டில் மொத்தம் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேரை மதார் சாகிப் மனுஷ ஜென்மத்திலேயே சேர்த்ததில்லை. ஒன்பதாவது ஆள் அவன்தான், கிளாரினெட் வாசிப்பவன்.

செட்டின் முதலாளி செங்கல்வராயன் டிரம்பெட் ஊதுவார். கன்னத்தை உப்பிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தால், வாத்தியம் ஊதுகிறாரா அடுப்பு ஊதுகிறாரா என்று மதார் சாகிப்புக்குச் சந்தேகமாக இருக்கும். பெரிய டிரம் அடிக்கும் எல்லப்பன் இன்னும் மட்டம். கருங்குழிப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவன். "குச்சிதான்டா மாறிச்சு, அடி மாறல" என்று மதார் சாகிப் அவன் முகத்துக்கு நேராகவே சொல்வான். "பாய் சொன்னா கரீட்டாத்தான் கீது" என்பான் எல்லப்பன். திட்டினாலும் உறைக்காத இந்த ஆளோடு காலம் தள்ள வேண்டியிருக்கிறதே என்று மதார் சாகிப்புக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் எல்லோரையும் இப்படி எடைபோட்டவன், தன்னை மட்டும் ஒரு நாளும் தராசில் ஏற்றியதில்லை. கல்யாண ஊர்வலத்தில் வீணாகிற தன் திறமை கோடம்பாக்கத்துக்குப் போக வேண்டியது என்பதில் அவனுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அதற்காகவே ஓர் இழுப்பைத் தயார் செய்து வைத்திருந்தான். மேலே ஏறி, அங்கேயே கொஞ்சம் நடுங்கி, பிறகு மெல்லச் சரிந்து இறங்கும் இழுப்பு. ஆறு மாதம் கொளவாய் ஏரிக்கரையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழகியது.

எழுபத்து நாலாம் வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் அந்த இழுப்பை எடுத்துவிட்டான். கடற்கரை விடுதியில் மெட்டுப் போட வந்து தங்கியிருந்த ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர், பார்த்தசாரதி என்று பெயர், காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்று கேட்டார். ஊர்வலம் முடிந்ததும் செங்கல்வராயனிடம் வந்தார்.

"படத்துல ஒரு கல்யாண ஊர்வலப் பாட்டு இருக்கு. உங்க செட்டு அப்படியே வேணும். கிளாரினெட் கண்டிப்பா வரணும்" என்றார்.

மதார் சாகிப்புக்கு மற்ற வார்த்தைகள் எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி ராபியாவிடம், "இந்த ஊரு நமக்கு இனிமே சரிப்படாது. கோடம்பாக்கத்துல வூடு பாக்கணும்" என்றான்.

"மொதல்ல போய் ஊதிட்டு வா" என்றாள் ராபியா.

ரெக்கார்டிங் அன்று காலை ரயிலடியில் பார்த்தால் எட்டுப் பேரும் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். மதார் சாகிப் மட்டும் வெள்ளைச் சட்டை.

"ரெக்கார்டிங்குக்குக் கோட்டு எதுக்கு மாஸ்டர்? மைக்குக்குக் கண்ணா கீது?"

"ஒரு மருவாதி வோணாமா பாய்?" என்றார் செங்கல்வராயன்.

சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறிய ஓர் ஆள் கோட்டுகளைப் பார்த்துவிட்டு யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தான். மதார் சாகிப் எழுந்து போய் அடுத்த பெட்டியின் வாசலில் நின்றுகொண்டான். இந்தக் கும்பலோடு தன்னையும் சேர்த்து யாரும் எண்ணிவிடக்கூடாது என்ற கவலை அவனுக்கு.

ஸ்டுடியோ ஐஸ் பெட்டி போலக் குளிர்ந்தது. ஒரு பக்கம் வயலின்காரர்கள் தாள்களை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது தனக்குத்தான் என்று மதார் சாகிப் முடிவே செய்துவிட்டான்.

பார்த்தசாரதி ஆர்மோனியத்தில் மெட்டைச் சொல்லிக்கொடுத்தார். வயலின்காரர்கள் முதலில், பிறகு பேண்டு செட். ஒத்திகை ஆரம்பித்தது. ஆரம்பித்ததுமே மானம் போயிற்று. தெருவில் நடந்துகொண்டே அடித்துப் பழகிய எல்லப்பனுக்கு ஒரே இடத்தில் நின்றால் தாளம் நிற்கவில்லை. ஓடியது, பிறகு தேங்கியது. டிரம்பெட்டும் அதன் பின்னாலேயே தடுமாறிற்று.

"நிக்க வெச்சா வர்ல சார். கால் நடந்தாத்தான் கை நடக்கும்" என்றான் எல்லப்பன். வயலின்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மதார் சாகிப்புக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பார்த்தசாரதியிடம் போய், "சார், இவனுங்க தெருவுல ஊதறதுக்குத்தான் லாயக்கு. நான் மட்டும் உங்க ஆளுங்களோட வாசிக்கிறேனே" என்று காதோடு சொன்னான். கூடப் பிழைக்கிற எட்டுப் பேரை விற்க அவனுக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

பார்த்தசாரதி சிரித்தார். "அதெல்லாம் வேண்டாம். செருப்பைக் கழட்டிட்டு நின்ன இடத்துலயே நடக்கச் சொல்லுங்க."

எட்டுப் பேரும் வெறுங்காலோடு நின்ற இடத்திலேயே நடந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் தாளம் பிசகாமல் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. டேக். பேண்டு செட்டின் முறை வந்ததும் மதார் சாகிப் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கடைசியில் அந்த இழுப்பை எடுத்தான். ஏரிக்கரையில்கூட அது அப்படி வந்ததில்லை.

விளக்கு அணைந்தது. "ஓகே! இதுவே போதும்!" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. எட்டுப் பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். முதல் டேக்கே ஓகே என்றால் சும்மாவா? செங்கல்வராயன் எல்லோரையும் வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

மதார் சாகிப் மட்டும் பின்தங்கினான். வயலின்காரர்களுக்குப் பக்கத்திலிருந்த அந்த நாற்காலியை இப்போதே கேட்டுவிட வேண்டும். கண்ணாடி அறையின் கதவைத் தள்ளினான். உள்ளே டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய இழுப்பு மேலே ஏறியது, நடுங்கியது, சரிந்தது. இசையமைப்பாளர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை ஓட்டினார்.

பார்த்தசாரதி அவனைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க! மழை வேணும்னு கழுதைக்குக் கல்யாணம் பண்ற காமெடி சீன் இது. எங்க ஆளுங்களை எவ்வளவோ வாசிக்கச் சொல்லிப் பார்த்தோம். வேணும்னே தப்பா வாசிக்கிறாங்கன்னு தெரிஞ்சுடுது. நீங்க அப்படியே கழுதை கத்துற மாதிரியே கொண்டுவந்துட்டீங்க. மத்தவங்க ஒழுங்கா வாசிச்சாங்க பாருங்க, அதனாலதான் உங்க குறும்பு எடுபட்டுது."

இசையமைப்பாளர் நாற்காலியில் திரும்பினார். "வேணும்னுதானே அப்படி வாசிச்சீங்க?" என்றார்.

மதார் சாகிப் கணக்குப் போட்டான். இல்லை என்று சொன்னால் தான் யார் என்பது தெரிந்துபோகும். ஆமாம் என்று சொன்னால் கோடம்பாக்கம் கிடைக்கும்.

"ஆமா சார். வேணும்னுதான்."

"அப்படிப் போடு! இந்த மாதிரி சீன் வந்தா இனிமே உங்களைத்தான் கூப்பிடுவோம். விலாசத்தைக் குடுத்துட்டுப் போங்க."

விலாசத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான் அந்த மகா வித்வான்.

வெளியே மரத்தடியில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லப்பன் தன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"பாய், கடசீல மேல போய் ஒரு இழுப்பு இழுத்த பாரு. எனுக்குக் கண்ணுல தண்ணி வந்துட்சி. கை நின்னுடுமோன்னு பயந்துட்டேன். அத்த என் புள்ளிங்களாண்ட சொல்லணும் பாய்."

ஆறு மாத உழைப்பை உலகத்தில் ஒரே ஒருவன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். அது போயும் போயும் எல்லப்பனா என்று மதார் சாகிப்புக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே சிரித்தவர்கள் மேல் வராத ஆத்திரம் இவன் மேல் வந்தது.

"தமாசுக்கு ஊதுனதுடா அது. கழுதைக் கல்யாணத்துக்கு ஊதுனது. அதக் கேட்டு அழுதியா? நீயெல்லாம் ஒரு ஆளு!"

மரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லப்பன் சிரிக்கவில்லை.

"இல்ல பாய்," என்றான். "நான் உன் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். நீ தமாசு பண்ல."

"வாய மூடிகினு டிரம்மத் தூக்குடா!" என்று மதார் சாகிப் கத்தினான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னான். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.