ஒரு முகம், இரண்டு சோப்பு

1

"அண்ணி, உங்களுக்குக் கதை வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க. ரெண்டு ஆம்பளைங்க. ஒருத்தர் ஒரு மூஞ்சிக்கு ரெண்டு சோப்பு போடுறார். இன்னொருத்தர் ரெண்டு மாசமா சோப்பே போடல."

"இதுல கதை எங்கடி இருக்கு?"

"ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கேக்க நினைக்கிறாங்க. கேட்டா கௌரவம் குறைஞ்சிடுமாம். நீங்க எழுதுற காதலர்கள் மாதிரிதான். முந்நூறு பக்கம் முறைச்சுக்கிட்டே திரிவாங்க."

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான், மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது. சொன்னவள் என் நாத்தனார். ஆம்பளைங்க இரண்டு பேரில் ஒருவர் அவள் கணவர், மற்றவர் அவள் மாமனார். நான் குடும்பக் காதல் நாவல்கள் எழுதுகிறவள். 'முந்நூறு பக்கம்' என்ற அந்தக் குத்தல் எனக்கு உறைத்தது. என் கதாநாயகி முதல் அத்தியாயத்திலேயே வாயைத் திறந்திருந்தால் என் புத்தகங்கள் எல்லாம் துண்டுப் பிரசுரங்களாகியிருக்கும். எனவே இதைச் சிறியதாகவே முடிப்பதென்று பிடிவாதமாக உட்கார்ந்தேன்.

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்:

பனி விலகாத ஒரு காலைப் பொழுதில், கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை அந்த முதியவர்—

வேண்டாம். பனியே இல்லை, குளியலறை ஹீட்டரின் ஆவிதான். அந்த முதியவரும் கண்ணாடி பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

தந்தை என்பவர் ஒரு—

இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டதில்லை.

அவன் சோப்பை முகர்ந்தான்.

இது தேறும். தினமும் நடப்பதும் இதுதான். (என் நாத்தனாரின் கணவரை 'அவன்' என்று எழுதுவது மரியாதை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் கதை அவருடைய அப்பாவின் தலைக்குள் இருந்து போகிறது. அப்பாவுக்கு அவன் 'அவன்'தான். நேரில் பார்க்கும்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

அவன் சோப்பை முகர்ந்தான். பிறகு கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தான், ஏதோ பெரிய ராக ஆலாபனையைக் கேட்பவன்போல. அவன் வேலை லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது. பத்து மாடிக் கட்டடத்தின் உயிர்கள் அவன் கையெழுத்தை நம்பி மேலும் கீழும் போய்வருகின்றன. அந்தப் பொறுப்பு போதாதென்று, பிரஷ்ஷும் கிண்ணமும் கொண்டு குழைக்கிற பழைய பாணி ஷேவிங் சோப்புகளை ஒப்பிட்டு இணையத்தில் மார்க் போடுவதையும் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். நுரைக்குப் பத்து, மணத்துக்குப் பத்து, கொடுத்த காசுக்கு அது தகுமா என்பதற்குப் பத்து.

அவன் எழுதுவதில் ஒரு சோறு பதம்: "இந்தச் சோப்பில் சந்தனம் இருப்பதாக உறை சொல்கிறது. சந்தனத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட யாரோ பக்கத்துத் தெருவில் நடந்துபோயிருக்கலாம். நுரையோ, வாக்குறுதி கொடுத்த மாப்பிள்ளை மாதிரி, கிண்ணத்தில் பொங்கிக் கன்னத்துக்கு வருவதற்குள் காணாமல் போகிறது."

(ஒப்புக்கொள்கிறேன், என்னைவிட நன்றாகத் திட்டுகிறான்.)

அவன் சோதிக்கிற முறையைச் சொல்ல வேண்டும், கதை அதில்தான் தொங்குகிறது. ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் ஒரு முகத் தாடிதான் முளைக்கும். அதனால் முகத்தை மூக்கோடு இரண்டாகப் பிரித்து, வலது கன்னத்தில் ஒரு சோப்பு, இடது கன்னத்தில் இன்னொரு சோப்பு. "நடுநிலையான முறை" என்று இணையத்தில் அதற்குப் பெயரும் வைத்திருந்தான். நடுநிலை என்று தானே பெயர் வைத்துக்கொள்கிற எதையும் நான் இரண்டு முறை பார்ப்பேன்.

3

இப்போது டாக்டர்.

அப்பா பல் டாக்டர். காலமெல்லாம் பிறர் தலையைச் சாய்த்து, "வாயைத் திற, அசையாதே, இதெல்லாம் ஒரு வலியா?" என்று அதட்டியவர். திடீரென ஒருநாள், "பல்லைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு" என்று கிளினிக்கைப் பூட்டினார். அது பொய். வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் அதைச் சொல்லவில்லை.

கடைசியாக அவரே சவரம் செய்தபோது தாடைக்குக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. பருவைக் கிள்ளிவிட்டதாகச் சொன்னார். எழுபதைத் தாண்டிய முகத்தில் பருவாம். அதற்குப் பிறகு தாடி வளர்ந்தது, அடர்த்தியாக ஆனால் திட்டுத்திட்டாக, யாரோ பாதியில் விட்டுப்போன வேலைபோல. காலையில் பூங்காவுக்கு நடக்கப் போவது நின்றது. அங்கே கூடுகிற பழைய சிநேகிதர்கள் ஃபோன் செய்தால், "முழங்கால் வலி" என்றார். வாசலில் தபால் வந்தாலும் மருமகள்தான் போனாள். இந்த முகத்தோடு வெளியே போக அவருக்கு வெட்கம். சவரம் செய்துகொள்ளாமல் அவர் வெளியே போகப்போவதில்லை.

(நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தெருக்கோடியில் சலூன் இல்லையா? இருக்கிறது. சலூன்காரர் டாக்டரிடம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர். "குழந்தையா நீ? கத்தாதே!" என்று டாக்டர் போட்ட அதட்டல் வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. அந்த மனிதர் கையில் கத்தி இருக்கும்போது தலையைச் சாய்த்து உட்கார டாக்டருக்குத் தைரியம் இல்லை. மின்சார ஷேவர்? மகன் வாங்கிக் கொடுத்தான். "வண்டு ரீங்காரம் போடுது" என்று பெட்டியிலேயே திருப்பிவிட்டார். சுருக்கமாகச் சொன்னால், கிடைக்கிற வழியை எல்லாம் ஏளனம் செய்தே அடைத்துக்கொண்ட மனிதர்.)

மகன் மட்டும் சும்மாவா? அப்பாவின் தாடி தன் சோப்புப் பைத்தியத்துக்கு அவர் காட்டுகிற ஏளனம் என்று நினைத்தான். ஆனாலும் அந்தத் தாடிமேல் அவனுக்கு ஒரு கண். முழுதாக, வெள்ளையாக, முரட்டுத்தனமாக இன்னொரு முகம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதில் சோப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குக் கை துறுதுறுத்தது. கேட்டால் அப்பா சிரிப்பார். கேட்கவில்லை.

மருமகளுக்கு நடுக்கம் தெரியும். மாமனாருக்கு எப்போதும் அரை டம்ளர் டீதான் கொடுப்பாள், சிந்தாமல் இருக்க. ஏன் அரை என்று அவர் கேட்டதில்லை. இவளும் சொன்னதில்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகன் இரண்டு கன்னமும் பளபளக்க வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான்.

"டின்ல வர்ற சோப்பு ராஜா. இந்த மளிகைக்கடை வட்ட சோப்பு இருக்கே, அதைத் துணி துவைக்கக்கூட நம்பிக் கொடுக்க முடியாது."

அந்த வட்ட சோப்பைத்தான் டாக்டர் வாழ்நாள் முழுவதும் போட்டார். செய்தித்தாளை மேஜைமேல் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. வலது கை மேஜைக்கு அடியில் இருந்தது.

"டின் சோப்பை எந்தக் கன்னத்துல போட்டே?"

"வலது."

"போன தடவை ஜெயிச்சதை?"

"அது... வலதுதான்."

"அதுக்கு முந்தி?"

மகன் வாயைத் திறந்தான். ஞாபகப்படுத்திப் பார்த்தான். அதுவும் வலதுதான்.

"விலை கூடினதை எப்பவும் வலது பக்கம் போடுறே. அதுக்குச் சூடா வெந்நீர், சூடா துண்டு. அப்புறம் ஃபோனை எடுத்து அந்த நுரையைக் கல்யாணப் பொண்ணு மாதிரி நாலு பக்கமும் படம் புடிக்கிறே. அதுக்குள்ள தண்ணி ஆறிடும், இடது கன்னம் காஞ்சிடும். காஞ்ச தோல்ல எந்தச் சோப்புடா நுரைக்கும்?"

"இது உங்களுக்கு எப்படி..."

"உன் பாத்ரூம் சுவருக்கு இந்தப் பக்கம்தானே படுத்திருக்கேன். குழாய், ஃபோன் 'க்ளிக்', ஒவ்வொரு சத்தமும் கேக்குது."

"இவ்வளவு நாளா தெரிஞ்சும் சொல்லலையா?"

"நீ கேக்கலையே."

மருமகள் குபீரென்று சிரித்துவிட்டாள். "நடுநிலையான முறை!"

"நீ சும்மா இரு," என்றான் மகன். அவன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் எழுதினது எல்லாம் தப்பாப்பா?"

"நுரை தப்பு. மணம் சரியா இருக்கலாம். விலையை நீ மாத்தியிருக்க முடியாது."

டாக்டர் இந்த வெற்றிக்காக எத்தனையோ காலைகள் சுவரோடு காதை வைத்துக் காத்திருந்தார். கிடைத்ததும் அது சப்பென்று இருந்தது. எதிரில் இருந்தவன் முகம், தேர்வில் தோற்றுவிட்டு வந்த ஒரு பையனின் முகம்.

5

இங்கே நிறுத்துகிறேன். என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவது: மகன், "அப்பா, ஒரே தண்ணி, ஒரே நேரம், ரெண்டு முகம், சோதிச்சுப் பாப்போமா?" என்கிறான். டாக்டர் போனால் போகிறதென்று சம்மதிக்கிறார். யார் கௌரவமும் குறையவில்லை. என் பதிப்பாளருக்கு இது பிடிக்கும், அட்டைப்படம்கூடத் தயாராகிவிடும். எனக்குத்தான் குமட்டுகிறது. மறுநாளும் அந்த முகத்தில் முடி முளைக்குமே. நாளைக்கு எந்தச் சாக்கு? அதற்கடுத்த நாளைக்கு?

இரண்டாவது: மருமகள் நடுக்கத்தைப் போட்டு உடைக்கிறாள். இதை நாத்தனாரிடமே வாசித்துக் காட்டினேன். "அவங்க பேச வேண்டியதை நான் ஏன் அண்ணி பேசணும்? என்ன நான் இந்த வீட்டுத் தபால்காரியா?" என்றாள். வெட்டிவிட்டேன்.

மூன்றாவது: டாக்டர் இறந்துவிடுகிறார், மகன் கண்ணீர் மல்க அந்தத் தாடியை— சீ. இப்படி எழுதிப் பரிசு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வாங்கட்டும்.

மூன்றிலும் ஒரே கோளாறு. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. டாக்டருக்காக யாராவது வந்து கதவைத் திறந்துவிடுகிறார்கள். நானும் என் நாவல்களில் மழையை வரவழைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு அதைத்தான் செய்துவந்தேன்.

எனவே இந்தத் தடவை யாருக்கும் உதவப்போவதில்லை. கடைசியில் மகன் என்ன பதில் சொன்னான் என்பதையும் எழுதமாட்டேன். அது உங்கள் பாடு. உங்கள் வீட்டிலும் ஒரு மேஜை இருக்கும்.

6

மகன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அப்பா, நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. ஒரு சோதனைக்காகத்தான். உங்க தாடி..."

டாக்டருக்கு வசதியாக ஒரு வாசல் திறந்தது. ஏளனமாக ஒரு சிரிப்பு, 'சரி, உன் ஆசைக்காக' என்று ஒரு வார்த்தை. போதும், நுழைந்துவிடலாம். நாளைக் காலை பூங்காவுக்குப் போய்விடலாம்.

அவர் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்துச் செய்தித்தாள்மேல் வைத்தார். தாள் சரசரவென்று அடித்துக்கொண்டது. மகன் அதைப் பார்த்தான். கையைப் பார்த்தான். தாடைக்குக் கீழே, தாடி முளைக்காமல் கோடாக நின்ற தழும்பைப் பார்த்தான்.

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"சோதனைக்கெல்லாம் வேண்டாம்டா," என்றார் டாக்டர். நோயாளிகளை அதட்டிய அந்தக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "என்னால முடியல. கை நிக்க மாட்டேங்குது. தினமும் காலையில... எனக்கு நீ சவரம் பண்ணி விடுறியா?"