வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பாத கார்

வண்டி இழுக்குது, பத்த மாட்டேங்குது. எலெக்ட்ரீஷியன் ஒருத்தனுக்கு இதைவிட என்ன கேடு வேணும்? எகிப்தின் மன்சூரா நகரில் பத்து வருஷமாகக் கார் வயரிங் பார்க்கிற ஷவ்கிக்கே அன்று கோளாறு பிடிபடவில்லை. பின்சீட்டில் அக்கா இன்ஸாஃபின் மடியில், காருக்குச் சொந்தக்காரரான அத்தான் சப்ரி வாய் கோணிக் கிடந்தார். பேச்சு போய்விட்டது. மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால்தான் ஊசி போட முடியும் என்றிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. ஆம்புலன்ஸைக் காணோம். எல்லாரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டதால் தெருவில் ஈ காக்கை இல்லை.

பேட்டரி நன்றாக இருந்தது. பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தான், பொறி இல்லை. பேட்டரியிலிருந்து, பொறியைக் கிளப்பும் காயிலுக்கு நேராக ஒரு வயர் இழுத்தான். டெஸ்ட் பல்பு எரிந்தது, பொறி மட்டும் வரவில்லை.

"பத்து வருஷமா என்னத்தடா கிழிச்சே?" அக்கா கத்தினாள்.

"கத்தாதேக்கா, கை ஓடல!"

சப்ரி நல்ல கையைத் தூக்கித் தூக்கி முன்னாலிருந்த சாம்பல் தட்டைக் காட்டினார்.

"உசுரு ஊசலாடுது, இப்பவும் சிகரெட்டா?" கையை அமுக்கிக்கொண்டு அழுதாள் இன்ஸாஃப்.

காயிலின் மைனஸ் முனையில், இருக்கவே கூடாத ஒரு மெல்லிய கறுப்பு வயர் ஷவ்கியின் கண்ணில் பட்டது. பழைய டேப்புக்குள் புதைந்து டாஷ்போர்டுப் பக்கம் போனது. திருட்டுக்குப் பயந்து ஊரில் பாதிப் பேர் வைக்கும் ரகசிய சுவிட்ச். தட்டிவிட்டால் கரண்ட் பாடியில் இறங்கிவிடும், பொறி வராது. அவனே எத்தனை பேருக்கு மாட்டியிருக்கிறான்! இது வேறு எவனோ மாட்டியது.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஷவ்கி இந்தக் காரை இரவல் கேட்டு வருவான். "மக்கர் பண்ணுதுடா" என்பார் அத்தான். பார்க்கிறேன் என்றால், "லீவு நாள்ல கையை அழுக்காக்காதே, டீ குடி" என்பார். அந்த அன்பை நம்பி இரண்டு வருஷம் டீ குடித்திருக்கிறான், மடையன்! இன்றைக்கும் அவன் வருவானென்றுதான் காலையிலேயே தட்டிவிட்டிருக்கிறார்.

சாம்பல் தட்டைப் பிடுங்கினான். அடியில் சுவிட்ச். தட்டினான், சாவியைத் திருப்பினான். என்ஜின் உறுமியது.

ஆஸ்பத்திரி வாசலில் பத்து நிமிஷம் பாக்கியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது சப்ரி அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார், கண்ணீர் வழிந்தது. ஷவ்கிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கண்ணைத் தொறங்க அத்தான். பொழைச்சு வந்து வேற எங்கயாவது ஒளிச்சு வைங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லி வைங்க, எங்கிட்ட வேண்டாம்."