தலைவரின் பொன்மொழிகள், பயிற்சிகளுடன்

மதியழகன் என் வீட்டுப் படியேறி வந்து, "டீச்சர், ஒரு புத்தகம் எழுதித் தரணும்" என்று கேட்ட அந்தக் காலையில் என் வயது அறுபத்தேழிலிருந்து இருபத்தேழாக இறங்கியது. மூட்டுவலி போனது. சர்க்கரைகூட இறங்கியிருக்கும், சோதித்துப் பார்க்கத்தான் நேரமில்லை. அவரை உட்கார வைத்து, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற டம்ளரில் காபி கொடுத்தேன். மூன்று வருடமாக இந்த மனிதரை எந்த எண்ணெயில் பொரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நான். அவரே வந்து சட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அடுப்பைப் பற்ற வை என்கிறார்!

முறையாகச் சொல்கிறேன். எங்கள் மலைக்கோட்டை முதலீட்டு மன்றத்தில் பதினான்கு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை மாடியில் கூடுவோம். ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு, எந்தக் கம்பெனியின் பங்கை வாங்குவது என்று பேசி, கை தூக்கி முடிவு செய்வோம். ஆளுக்கு ஒரு கை, ஒரு ஓட்டு. வெங்காய மண்டி வைத்திருக்கும் மதியழகன் தலைவர். முப்பத்து மூன்று வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அன்னாளாகிய நான் செயலாளர். அதாவது, கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் நோட்டில் எழுதுகிறவள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கம்பெனியை முன்மொழிகிறவர் அந்தக் கம்பெனி செய்யும் பொருளைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிஸ்கட் கம்பெனி என்றால் பிஸ்கட், மின்விசிறிக் கம்பெனி என்றால் மின்விசிறி. மூன்று வருடத்துக்கு முன் குளியலறைச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியை நான் ஆறு வாரம் ஆராய்ந்தேன். ஆண்டறிக்கையைக் கரைத்துக் குடித்தேன். பிறகு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டை ஆட்டோவில் ஏற்றி, கூலிக்கு இரண்டு ஆள் வைத்து மாடிக்குத் தூக்கி, மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பேச வாயைத் திறந்தேன்.

"டீச்சர் உக்காந்து காட்டுனாத்தான் நம்புவோம்" என்றார் மதியழகன்.

எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! மலைக்கோட்டை இரண்டடி நகர்ந்தது. கொடைரோட்டில் நின்ற ரயில் பயந்துபோய் முன்கூட்டியே புறப்பட்டது. என் தாள்களை ஒருவரும் புரட்டவில்லை. அந்தப் பங்கு பிற்பாடு நான்கு மடங்கு ஏறியது. எனக்கு மிஞ்சியது 'கக்கூஸ் டீச்சர்' என்ற பட்டம். நான் பெயில் போட்ட பிள்ளைகள்கூட எனக்கு இப்படி ஒரு பெயர் வைத்ததில்லை. அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்காமல் கல்லறைக்குப் போவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

இப்போது மன்றத்தில் புதிதாகப் பதினோரு பேர் சேர்கிறார்கள். அத்தனை பேரும் மதியழகன் பிடித்து வந்தவர்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு தீர்மானமும் வைத்திருந்தார். இனிமேல் கைதூக்கல் கிடையாது, எதை வாங்குவது, எதை விற்பது என்பதைத் தலைவரே முடிவு செய்வார். பழைய ஆட்களில் அவரோடு சேர்த்து ஏழு பேர் அந்தப் பக்கம், ஏழு பேர் இந்தப் பக்கம். புதியவர்களும் அவர் பின்னால் போனால் எங்கள் கைகளுக்குச் சோறு பிசைவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அந்தப் பதினோரு பேரையும் தயார்படுத்தத்தான் இந்தக் கையேடு.

"மன்றம்னா என்ன, பங்குன்னா என்ன, எல்லாம் வரட்டும் டீச்சர். நடுநடுவுல நான் பேசுனதையும் போடுங்க. புதுசா வாரவுகளுக்கு ஒரு தெம்பா இருக்கும்ல?"

"நீங்க பேசுனத அப்படியேவா தலைவரே?"

"அப்படியே. ஒரு எழுத்து மாத்தக்கூடாது."

"சேச்சே, உங்க பேச்ச மாத்த நான் யாரு?"

அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான்கு வருட நோட்டுகளையும் கட்டிலில் பரப்பிவிட்டேன். ஏழு பொன்மொழிகளைப் பொறுக்கினேன். அவர் சொல்லி வாங்கியதில் இரண்டு பங்குகள் நன்றாக ஏறியிருந்தன. அவற்றை முதலிரண்டாக வைத்தேன். நியாய உணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு கேள்வி சுலபமாக இருந்தால்தான் மாணவர்கள் மிச்சத்தையும் தைரியமாக எழுதுவார்கள், அது முப்பத்து மூன்று வருடத் தொழில் ரகசியம். மற்ற ஐந்தும் ரத்தினங்கள். இறால் பண்ணைக் கம்பெனிக்காக இறால் ஊறுகாய் பாட்டிலை உயர்த்திப் பிடித்து அவர் அருளியது: "தண்ணிக்குள்ள கெடக்குறது என்னைக்கு இருந்தாலும் மேல வந்துதான ஆகணும்?" டைல்ஸ் கம்பெனிக்கு: "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க, தெறக்குறப்ப பங்களா நிக்கும்."

ஒவ்வொரு பொன்மொழியையும் கட்டம் கட்டி, அன்றைய தேதியையும் அன்றைய விலையையும் கீழே போட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு பயிற்சி: 'இந்தப் பங்கின் இன்றைய விலையைக் கைபேசியில் பார்த்துக் கோடிட்ட இடத்தை நிரப்புக.' அவ்வளவுதான். ஒரு பொல்லாத வார்த்தை கிடையாது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: 'விடைகளைக் கூட்டத்தில் தலைவர் அவர்களே விளக்குவார்.'

கணினி மையம் வைத்திருக்கும் முகமது பாரூக் அதைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர், ஐந்தாவது பொன்மொழியில் விரலை நிறுத்தினார்.

"டீச்சர், இது கையேடா, கண்ணிவெடியா?"

"அடிச்சு முடி அப்பு. பின்னு நல்லா இறுக்கமா குத்து."

சரிபார்க்கும் பிரதியை மதியழகனின் மண்டிக்கே கொண்டுபோனேன். அவர் தன் புகைப்படத்தைச் செத்த நேரம் ரசித்தார். முதல் பொன்மொழியை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவதைக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். பிறகு ஒரேயடியாகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவி, "நான் விளக்கணுமா? பேஷா விளக்குறேன்! வாத்தியார் வேலை பாக்கணும்னு சின்ன வயசுலயே ஆசை" என்று கையெழுத்துப் போட்டார். நான் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயத்தால் வந்த கண்ணீர் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

கூட்டத்தன்று இருபத்தைந்து நாற்காலியும் நிறைந்துவிட்டது. புதியவர்கள் கையில் கையேடு, பேனா, கைபேசி. முதல் இரண்டு பயிற்சிக்கும் கைதட்டல். மதியழகன் எழுந்து நின்று கும்பிட்டார். மூன்றாவது, இறால்.

குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த சின்னக்கண்ணு கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "தலைவரே, என் போனு கோளாறா? புத்தகத்துல எரநூத்தி நாப்பதுன்னு போட்டுருக்கு. இதுல பதினேழு ரூவான்னு காட்டுது."

"அது வந்து, சீதோஷ்ணம்..." என்றார் மதியழகன்.

"இறாலுக்கு ஜலதோஷமாம்ப்பா" என்றது பின்வரிசை. முதல் சிரிப்பு அங்கே கிளம்பியது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

நான்காவதற்கு மதியழகன் உலகப் போரைக் காரணம் காட்டினார். ஐந்தாவதற்கு டெல்லியை. டைல்ஸ் வந்தபோது, "கண்ணத் தெறந்துட்டோம் தலைவரே, பங்களாவக் காணோம்" என்றார் ஒருவர். ஏழாவது கம்பெனியைத் தேடினால் விலை என்ன, கம்பெனியே வரவில்லை. மாடி அதிர்ந்தது. கீழே மருந்துக்கடையில் இருமல் மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நான் கேட்டதிலேயே இனிமையான சங்கீதம் அது.

அப்போது ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் பொன்னழகு எழுந்தாள். புதியவள், முப்பது வயது இருக்கும், சிரிக்காதவள் அவள் ஒருத்திதான்.

"ஒரு சந்தேகம் டீச்சர். இம்புட்டையும் கை தூக்கித்தான வாங்குனீங்க?"

"ஆமா."

"நீங்க தூக்குனீங்களா?"

நோட்டு என் மடியில் இருந்தது. பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பெயர் பெயராக என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேனே! "தூக்குனேன். கடைசி அஞ்சுக்கும்."

"கேட்டுக்கங்க!" என்று மதியழகன் துள்ளினார். "டீச்சரும் தூக்குனாக!"

"ஏன் டீச்சர்?" என்றாள் பொன்னழகு.

இந்த இடத்தில் கதையை என் வசதிக்கு வளைக்க எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் நடந்தது இதுதான். "மறுபடியும் எல்லாரும் சிரிச்சுருவாகளோன்னு பயம்" என்றேன். சொன்னபோது குரல் எனக்கே கேட்கவில்லை. பழைய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பன்னிரண்டு பேரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

பொன்னழகு உட்காரவில்லை. "அப்ப கை தூக்குனதும் சரியில்ல. கைய எல்லாரும் பாக்குறாக, அதுல யாருக்குப் பயமில்ல? சீட்டுல எழுதிப் போடுவோம். இன்னைக்குத் தீர்மானத்துக்கும் சீட்டுதான்."

மதியழகன் எதிர்த்தார். எதிர்ப்பதற்கு ஆதரவாக ஒரு கைகூட எழவில்லை. கையேட்டின் பின்னட்டைகளைக் கிழித்துச் சீட்டு போட்டோம். எண்ணியபோது தீர்மானத்துக்கு ஆதரவு நான்கு, எதிர்ப்பு இருபத்தொன்று. அவருடைய ஆட்களிலேயே மூன்று பேர் கழன்றிருந்தார்கள். நான் இரண்டு முறை எண்ணினேன். சந்தேகத்தால் அல்ல, ஆனந்தத்தால்.

மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கிய மதியழகன் நின்று திரும்பினார்.

"சந்தோசந்தான டீச்சர்?"

"கொள்ளைச் சந்தோசம் தலைவரே."

"உங்க பேரும்ல சேந்து கெட்டுச்சு?"

"கெட்டுச்சு. என்னைய அஞ்சு நிமிசம் கிழிச்சாக, உங்கள ஒரு மணி நேரம் கிழிச்சாக. எனக்கு இந்தக் கணக்குக் கட்டுது."

அவர் கீழே போய் வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் "வாரேன் டீச்சர், வாரேன் டீச்சர்" என்று விடைபெற்றார்கள். யாருக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஆறாவது உதையில்தான் வண்டி புகைந்து கிளம்பியது. அதுவரை நான் அங்கிருந்து நகரவில்லை.