ஏழாம் எண் குடுவை

நகரத்தின் பன்னிரண்டு இடங்களில் வாரம் ஒருமுறை எஃகுக் குடுவைகளில் காற்றைப் பிடித்துவந்து, அதில் என்னென்ன ஹைட்ரோகார்பன் கலந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று சொல்வது அவள் வேலை. ஆய்வகத்து இயந்திரம் ஒவ்வொரு வாயுவையும் தாளில் தனித்தனி முகடாக வரைந்து கொடுக்கும். வண்டிப் புகைக்கு ஒரு கைரேகை, பெயிண்டுக்கு ஒன்று, எரியாத பெட்ரோலின் ஆவிக்கு வேறொன்று. பதினோரு வருடம் பழகிய கண். ரேகையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

ஏழாம் எண் குடுவை அவளுடைய அண்ணன் வீட்டு வாசல் சுவரில் தொங்கியது. அந்தத் தெருவில் வேறு யாரும் இடம் கொடுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தக் குடுவையின் தாளில் பெட்ரோல் ஆவியின் முகடு மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“குடுவையைச் சரியா கழுவியிருக்க மாட்டாங்க. அடுத்த வாரம் திரும்ப எடுங்கம்மா,” என்றார் பிரிவுத் தலைவர், நிமிர்ந்து பார்க்காமல்.

அடுத்த வாரம் அது இரு மடங்காகியிருந்தது. இந்த முறை அவரிடம் போகவில்லை. கையடக்க வாயுமானியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஓட்டுநரை அலுவலகத்தில் எல்லோரும், அவரைவிட மூத்தவர்கள்கூட, சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தெருவின் மேட்டு முனையில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே மானி பெரிதாக எதுவும் காட்டவில்லை. “பாத்தீங்களா, எங்ககிட்ட ஒரு குறையும் கிடையாது,” என்றார் மேலாளர். அவள் சரிவில் இறங்கி, ஒவ்வொரு சாக்கடை மூடியிடமும் குனிந்து மானியை நீட்டினாள். பங்க்கை விட்டு விலக விலக எண் குறைந்திருக்க வேண்டும். ஏறியது.

“என்ன மேடம், தலைகீழா இருக்கு?”

“பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், சித்தப்பா. பள்ளத்தைத் தேடிப் போகும்.”

சொன்ன பிறகுதான் அந்தத் தெருவின் பள்ளம் எது என்று அவளுக்கு உறைத்தது. அண்ணன் வீட்டு நிலவறையில் அண்ணி தையல்கூடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

எட்டுப் படிகள். மூன்றாவது படியிலேயே நெடி முகத்தில் அறைந்தது. கீழே பத்துப் பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் சூடேறிக்கொண்டிருந்தன. அண்ணி தரையிலிருந்த சாக்கடைச் சல்லடையில் ஃபினாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வா வா. அதிசயமா பகல்ல வந்திருக்கே.”

“அண்ணி, இந்த நாத்தம் எப்பலேருந்து?”

“சாக்கடைதானே, கொஞ்சம் வரும். பழகிப்போச்சு. இந்தத் தலைவலிதான் விடமாட்டேங்குது. கண்ணாடி மாத்தணும்.”

மானியைச் சல்லடையருகே நீட்டியதும் அது அலறியது. தீப்பிடிக்கும் அளவில் பாதி தாண்டியிருந்தது.

‘டிக்’ என்றது ஒரு இஸ்திரிப் பெட்டி. தானாக அணைந்து தானாகச் சூடேறும்போது எழும் ஒலி. எத்தனையோ முறை கேட்டதுதான். இன்று அந்த ஒலிக்குள் ஒரு தீப்பொறி இருந்தது. ஒருத்தி எழுந்து அதை அணைக்கக் கை நீட்டினாள்.

“தொடாதே. யாரும் எந்தச் சுவிட்சையும் தொடாதீங்க. எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு மேல போங்க. ஓடாதீங்க, நடங்க.”

“நாளைக்கு நூத்தம்பது சட்டை குடுக்கணும்டி. விளையாடுறியா?”

“அண்ணி, நாம நிக்கிறது பெட்ரோல் டேங்குக்குள்ள.”

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். ஃபினாயில் புட்டியை ஓசைப்படாமல் தரையில் வைத்தாள்.

எல்லோரும் ஏறி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு ‘டிக்’ கேட்டது. மானி அலறியதுமே, மேலே வாசலில் நின்ற சித்தப்பா தெரு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லப் பக்கத்து மின் அலுவலகத்துக்கு ஓடியிருந்தார். அவர்கள் எதிர்ப்புற நடைபாதையை அடைந்தபோது தெருவின் விளம்பரப் பலகை விளக்குகள் ஒருசேர அணைந்தன.

தீயணைப்புப் படை தெருவையே காலி செய்தது. மறுநாள் பங்க்கைத் தோண்டினார்கள். நிலத்தடித் தொட்டியின் அடியில் வெல்டிங் செய்த இடம் துருப்பிடித்து, பெட்ரோல் பழைய சாக்கடைக்குள் கசிந்துகொண்டிருந்தது. மேலாளர் தலையில் கைவைத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிரிவுத் தலைவர் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்று பிற்பகல் அவள் ஏழாம் எண் குடுவையின் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தாள். போன மாதம், அதற்கு முந்தைய மாதம் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். எட்டு மாதத்துக்கு முந்தைய தாளிலும் அந்த முகடு இருந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. ஒவ்வொரு தாளின் கீழும் ‘வண்டிப் புகை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது அவளேதான்.

பெட்ரோலில் பென்சீன் உண்டு. அது எலும்பு மஜ்ஜையில் கைவைக்கும். தையல்கூடத்தில் அண்ணியோடு சேர்த்துப் பதினோரு பேருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. மூன்று பேருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. அதில் ஒருத்தி அண்ணி. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

அண்ணனும் அண்ணியும் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, எட்டு மாசமா அது என் தாள்ல இருந்திருக்கு. நான்தான் கவனிக்கல.”

அண்ணியின் கை நிற்கவில்லை. ஒரு சட்டையை மடித்தாள், இன்னொன்றையும் மடித்தாள்.

“நீ அன்னிக்கு வரலைன்னா பதினோரு பேரும் கரிக்கட்டைதான். உனக்கு நல்லதா ஏதாவது சொல்லணும்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்,” என்றாள். பிறகு, “மத்த ரெண்டு பேர்கிட்டயும் இதை நீயே போய்ச் சொல்லு. அதுல ஒருத்திக்கு இருபது வயசுகூட ஆகல,” என்றாள்.

அவள் இரண்டு முகவரிகளையும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். முதல் வீட்டின் கதவைத் தட்டியபோது உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.