கண் மஞ்சளாகும் வரை

மலை ஊர்ச் சுகாதார நிலையத்தில் முத்தம்மாளுக்குப் போட்ட ஊசியை உருவும்போது அவள் வலியில் கையை உதறினாள். ஊசி என் கட்டைவிரலில் ஏறியது. நர்ஸ் வேலையில் இதெல்லாம் சகஜம் என்பார்கள். சொல்கிறவர்களின் விரலில் ஏறியிருந்தால் தெரியும்.

திருப்பத்தூருக்கு இறங்கிப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த சோதனையில் ஹெபடைட்டிஸ் சி என்றார்கள், கல்லீரலைச் சத்தமில்லாமல் கெடுக்கும் கிருமி. பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆனால் மூன்று மாதம் மாத்திரை விழுங்கினால் போய்விடும். முத்தம்மாளின் ரத்தத்திலிருந்துதான் எனக்கு வந்தது. அவளை யார் சோதித்துப் பார்ப்பது? முன்பு பைக்கில் வந்து ஒரே ஊசியால் ஊரையே குத்திவிட்டுப் போன ஒரு போலி டாக்டர் உண்டு. அவளுக்கு அந்தப் புண்ணியவான் கொடுத்ததாக இருக்கலாம்.

அவள் வீட்டுக்குப் போனேன். புளி தட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்ட அவள் கணவன் வேடியப்பன், அவளை வெயிலில் நிறுத்தி இமையை விரித்துக் காட்டினான்.

"பாருங்க நர்சம்மா, வெள்ளையா கீது. இதுல இன்னா காமாலை?"

"கண்ணு மஞ்சளாகறதுக்கு முன்னாடியே பாக்கணும்ண்ணா. ரத்தம் குடுத்தா போதும். மாத்திரை சும்மாவே தர்றாங்க."

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உங்களுக்கு வந்துட்டா ஊருக்கே வந்துடுமா?"

முத்தம்மாளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. ஆனாலும் மறுபடி மறுபடி போனேன். நானே ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்றேன். கடைசியில் என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

என் ரத்தத்தில் கிருமி இல்லாமல் போனது. டாக்டர் சிரித்த முகமாகச் சொன்னார். எனக்குத்தான் முழுச் சந்தோஷம் வரவில்லை.

அடுத்த வருஷம் புளி உலுக்கும்போது வேடியப்பன் அவளை ஜீப்பில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தான். கால் குச்சியாக இருந்தது, வயிறு நிறைமாதம் போல வீங்கியிருந்தது. ரத்தமாக வாந்தி எடுத்திருந்தாள். அன்று காட்டியதுபோலவே இமையை விரித்துக் காட்டினான்.

"இப்ப மஞ்சளாயிடுச்சி நர்சம்மா. நீங்க முழுங்குனீங்களே, அந்த மாத்திரைய குடுங்க."

அந்த மாத்திரை மட்டும் காப்பாற்றுகிற காலம் போய்விட்டது. அதை அவனிடம் எப்படிச் சொல்ல? ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, குளுக்கோஸ் ஏற்ற அவள் கையில் நரம்பைத் தேடினேன். இரண்டு இடத்தில் குத்த வேண்டியிருந்தது.

இந்த முறை அவள் கையை உதறவில்லை.