மூன்றாவது துளை

வந்தவர்களின் செருப்புகளை ஓரமாக ஒதுக்கிவைக்கத்தான் அவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே கூடத்தில் அவள் கணவருக்கு நினைவுக் கூட்டம். தெருவே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடும். அவரோடு ராணுவத்தில் இருந்த மீசைக்காரர் எழுந்து நின்று, "குடும்பம்னா உசுர விடுற மனுஷன்" என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார். அடுத்து அவள் பேச வேண்டும். "ரெண்டே ரெண்டு வார்த்தை சொல்லும்மா, போதும்" என்று மகள் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தை எந்த ரெண்டு வார்த்தையில் அடக்குவது என்று யோசித்துக்கொண்டே குனிந்தவள் கண்ணில் அந்த ஷூ பட்டது.

ஆண்கள் போடுகிற கறுப்பு ஷூ, குதிகால் தேய்ந்தது. இடது ஷூவில் மட்டும், லேஸ் மூன்றாவது துளையை விட்டுவிட்டு நேராக நான்காவதற்குத் தாவியிருந்தது. சுவரோரம் மகளின் ஷூ கிடந்தது. அதிலும் இடதில் மூன்றாவது துளை காலிதான்.

கல்யாணத்துக்கு முன்பே பட்டாளத்தாரின் இடது பாதத்தில் குண்டுச் சில்லு பாய்ந்து, மேலே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு முண்டு நின்றுவிட்டது. மூன்றாவது துளையில் லேஸை இழுத்தால் அது அழுத்தி உயிர் போகும். அதனால் அதைத் தாண்டிக் கோப்பார். லீவில் வந்திருக்கும்போது தினமும் காலையில் படியில் உட்கார்ந்து அவர் கட்டுவதைப் பார்த்தே மகளும் மகனும் ஷூ கட்டப் பழகினார்கள். பாதத்தில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள், ஷூ என்றாலே இடதில் ஒரு துளையை விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டன. "அந்த ஓட்டைக்குள்ள என்ன பாம்பா இருக்கு?" என்று அவள் திட்டாத நாளில்லை. தையல்காரி அல்லவா, ஒரு துளை காலியாகக் கிடந்தால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். வளர்ந்த பிறகும் அவர்கள் மாறவில்லை. ஆனால் மகன் இன்று செருப்புதான் போட்டிருந்தான்; இந்தக் கறுப்பு ஷூ அவனுடையது இல்லை.

இது ஒரு தடவை பார்த்துக் கற்றுக்கொள்கிற காரியமில்லை. பல காலைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். காலையில் ஒரு வீட்டுப் படியில் ஷூ கட்டுகிறவர் இரவு எங்கே இருந்திருப்பார்? லீவில் வரும்போதெல்லாம் ரயில் கிடைக்கவில்லை என்று அவர் தாமதமாக வந்த நாட்கள் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அன்றைக்கு அவள் ரயிலைத்தான் திட்டினாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். மகளைவிட ஒன்றிரண்டு வயது சின்னவனாக இருப்பான். நகக்கண்ணில் வண்டி மசி. வணங்கிவிட்டு அந்தக் கறுப்பு ஷூவை இழுத்துப் படியில் உட்கார்ந்தான்.

"அதுக்குள்ள கெளம்பிட்டியாப்பா? யாருன்னு தெரியலையே."

"எங்கப்பாவும் பெரியப்பாவும் ஒரே படையில இருந்தாங்க, பெரியம்மா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு. அதுக்கப்புறம் பெரியப்பாதான் அப்பப்போ வந்து பாத்துட்டுப் போவாரு. அவரு ரயில் மாறுற ஊரு எங்களோடது."

"ஒரு தடவகூட உங்களப் பத்தி இங்க வாயத் தொறந்ததில்ல."

அவன் குனிந்து லேஸை இழுத்தான்.

"ஷூ கட்ட அவருதான் சொல்லிக்குடுத்தாரா?"

அவன் சிரித்துவிட்டான். "ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காலைல வந்துட்டுச் சாயங்காலம் போயிடுவாரா?"

அவன் கை ஒரு கணம் நின்றது. "சாயங்கால வண்டில வருவாரு. காலைல கெளம்புவாரு."

"அம்மா இருக்காங்களா?"

"அந்தா, பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்க. எவ்வளவு சொல்லியும் உள்ள வரமாட்டேன்னுட்டாங்க."

தெருமுனையில் குடை பிடித்த ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் போகும்போது இவள் அவன் நடையை உற்றுப் பார்த்தாள். பட்டாளத்தாருக்குப் போலவே இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்த மாதிரி இருந்தது. கனமான பையும் அந்தத் தோளில்தான் தொங்கியது. சந்தேகம் வந்துவிட்டால் கண்ணைக்கூட நம்ப முடிவதில்லை.

பேசி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த மீசைக்காரரை வாசல் நடையிலேயே மடக்கினாள்.

"அண்ணே, பொண்டாட்டி மாசமா இருக்கறப்போ செத்துப்போன சிநேகிதன் யாராவது இவருக்கு உண்டா?"

மீசைக்காரர் தெருமுனையைப் பார்த்தார். பிறகு டம்ளருக்குள் பார்த்தார். "எத்தனையோ பேரு செத்தாங்க, தங்கச்சி. யாரன்னு சொல்றது?"

"உண்டா, இல்லையா?"

"உள்ள எல்லாரும் காத்திருக்காங்க பாரு."

நல்லது செய்தவர் என்றால் தன்னிடம் ஏன் மறைத்தார்? கெட்டது செய்தவர் என்றால் இந்த வீட்டில் இத்தனை காலம் எப்படி அவ்வளவு பிரியமாக இருந்தார்? இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

"அம்மா, வா" என்று மகள் கூப்பிட்டாள்.

கூடத்தில் பட்டாளத்தாரின் படத்துக்குக் கீழே அவருடைய ஷூவை மகள் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள். உள்ளே வந்தவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து இடது ஷூவை மடியில் எடுத்துக்கொண்டு லேஸை உருவினாள். மூன்றாவது துளையில் நுழைக்கப் பார்த்தாள். போகவில்லை. வருஷக்கணக்கில் தேய்த்த பாலிஷ் இறுகி அதை அடைத்திருந்தது.

"என்னம்மா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க. பேசும்மா."

வெளியே பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் ஊசியில் நூல் கோக்கிற பழக்கத்தில் லேஸின் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி, முறுக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் அந்தத் துளையில் வைத்து அழுத்தினாள்.