அம்மாவுக்கு ஒரு வாத்து

என் அத்தானுக்குப் பொம்மைக் கடைக்குள் நுழைந்தால் வெளியே வரும் வழி தெரியாது. பஸ் ஓட்டுகிறவர், ஊரில் ஒரு சந்து விடாமல் தெரியும். ஆனால் பெட்டிமேல் ‘ஒன்றரை வயதுக்கு மேல்’ என்று அச்சடித்திருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு அடுக்கு வளையங்கள் வந்தன, மரக்கட்டைகள் வந்தன, சாவி கொடுத்தால் தலையாட்டிக்கொண்டு நடக்கும் மஞ்சள் வாத்து வந்தது. ஒரு தகர மேளமும் வந்தது. அதைச் செய்த புண்ணியவான் கையில் கிடைத்தால் அவன் காதருகே ஒரு நாள் முழுக்க அடிப்பேன்.

எல்லாம் எங்கள் வாண்டுக்காக. அக்காவின் பெண், ஒன்றே முக்கால் வயது. அக்கா மூக்குக் கண்ணாடிக் கடையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து காலையில் அவளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அத்தான் விடியுமுன் கிளம்பிவிடுவார். எனக்கு அச்சகத்தில் மாலை வேலைதான்.

மூவரும் கூடிப் பேசி ஒரு திட்டம் போட்டோம். நான் புதுப் பொம்மையை எடுத்துக் கோமாளித்தனம் செய்ய வேண்டியது. வாண்டு அதில் மயங்கியிருக்கும்போது அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வழியாக நழுவ வேண்டியது. பெற்ற பிள்ளைக்குப் பயந்து சொந்த வீட்டிலேயே திருட்டு நடை. முதல் சில நாள் ஜோராக வேலை செய்தது.

பிறகு எல்லாம் தலைகீழானது. பொம்மையைக் கண்டாலே வாண்டு வீறிட ஆரம்பித்தாள். வளையத்தை எடுத்தால் அழுகை, கட்டையை எடுத்தால் அழுகை, உடனே ஓடிப்போய் அக்காவின் காலைக் கட்டிக்கொள்வாள். “பொம்மை சரியில்ல போல,” என்று அத்தான் இன்னும் பெரிதாக ஒன்று வாங்கி வந்தார். அழுகையும் பெரிதானது.

சனிக்கிழமை சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: “திங்கக்கிழமை போய் வேலைய விட்டுடறேன்னு சொல்லிடப்போறேன். என்னால முடியல.”

லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சட்டத்தில் பொருத்தும்போது அக்கா முகம் எப்படியிருக்கும் என்று பார்த்தவன் நான். அந்த வேலையைத் திரும்ப வாங்க அவள் நடையாய் நடந்ததும் தெரியும். விடாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. அழுகிற குழந்தைக்கு முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஞாயிறு காலை அக்கா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாண்டு தானாகப் போய் வாத்தைத் தூக்கி வந்து அம்மா மடியில் வைத்தாள். நான் செய்வதைப் போலவே கைதட்டி, தலையை ஆட்டி, “வாத்து, வாத்து” என்று வேடிக்கை காட்டினாள். அக்கா குனிந்து வாத்துக்குச் சாவி கொடுத்தாள்.

நிமிர்ந்தபோது வாண்டைக் காணோம். அக்காவின் செருப்பு இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“நாமதான் இத அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்,” என்றாள். “பொம்மை வந்தா அம்மா காணாமப் போயிடுவான்னு.”

“அப்போ பொம்மை பிடிக்காம அழலையா?” என்றார் அத்தான்.

“உங்க பொம்மைய யாரு பாத்தா? நான் செருப்பத் தூக்கறதக்கூடப் பாத்திருக்கா.” எழுந்து போய் வாண்டை அள்ளிக்கொண்டாள். குழந்தையின் தோளில் முகம் புதைத்து அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை எந்தப் பொம்மையும் எடுக்கவில்லை. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசல் கதவைத் திறந்துவைத்து, வாண்டின் எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா வேலைக்குப் போறேன். நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்திரி. நான் வந்துடுவேன். டாட்டா சொல்லு.”

டாட்டாவாவது ஒன்றாவது. வீடே இடிந்து விழும்படி அழுதாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். தெருவில் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் போனாள். மதியம் வாசல் வழியாகவே, வாண்டைக் கூப்பிட்டுக்கொண்டே திரும்பி வந்தாள்.

“இன்னும் சொல்லல,” என்றாள் என்னிடம். “இந்த வாரம் மட்டும் பாக்கறேன்.”

அந்த வாரம் நானும் வாண்டும் ஒரே ஆட்டம்தான் ஆடினோம். வாத்தின்மேல் துண்டைப் போட்டு, “வாத்து எங்க?” என்பேன். துண்டை இழுப்பாள். வாத்து அங்கேயே இருக்கும். எனக்கு அலுத்துப்போனது. அவளுக்கு ஒவ்வொரு முறையும் அப்படியொரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை அக்கா செருப்பைப் போட்டதும் வாண்டின் உதடு பிதுங்கியது. அக்காவின் கண்ணிலும் நீர். வாண்டு அதைப் பார்த்தாள். திரும்பிப் பொம்மைப் பெட்டிக்கு நடந்தாள். வளையத்தை எடுத்தாள், வைத்துவிட்டாள். கட்டையை எடுத்தாள், பிடிக்கவில்லை. அத்தான்கூடக் கடையில் இவ்வளவு யோசித்ததில்லை. கடைசியில் வாத்தைக் கொண்டுவந்து அக்காவின் கைப்பைக்குள் திணித்தாள்.

“அம்மா அழாத,” என்றாள். “டாட்டா.”

ஜிப் மூடவில்லை. வாத்தின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க அக்கா தெருவில் இறங்கினாள். வேலையை விடமாட்டாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

கதவைச் சாத்தியதும் என் கண் கலங்கிவிட்டது. வாண்டு என்னையும் அண்ணாந்து பார்த்தாள். “மாமா அழாத,” என்று மறுபடி பெட்டிக்கு நடந்தாள். நின்று யோசித்து எனக்கென்று அவள் எடுத்து வந்தது அந்தத் தகர மேளம். அக்கா வரும்வரை அடித்தோம்.